இரண்டு சூரியன் தோட்டம்

என் வீட்டுக்காரரிடம் யாரும் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டுவிடக் கூடாது. பேருந்துப் பட்டறையில் பெயின்டர் என்று ஒரு வரியில் முடிய வேண்டிய பதில் ஒரு மணி நேரம் ஓடும். "ஒரு விமானப் படையையே ஏமாத்தினவன் நான்" என்றுதான் ஆரம்பிப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் இப்போதெல்லாம் வாசலில் இறக்கி வைத்து, மணியை அடித்துவிட்டு, ஓடியே போய்விடுகிறார்.

விஷயம் இதுதான். போர் நடந்த காலத்தில் எங்கள் ஊரில் ஒரு ரொட்டி ஆலை இருந்தது. ஊருக்கும் படைக்கும் அங்கிருந்துதான் ரொட்டி போகும். அதனால் எதிரி விமானங்கள் அதைத்தான் முதலில் தேடும் என்று ஊர்ப் பாதுகாப்புக் குழுவுக்குப் பயம். ஆலையின் மொட்டை மாடி, வானத்திலிருந்து பார்த்தால் தோட்டம் மாதிரித் தெரிய வேண்டும், மரம், குளம், நடைபாதை எல்லாம் வரைந்து கொடு என்று பட்டறையிலிருந்து இவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மிச்சமிருந்த பேருந்து பெயின்டை வைத்து இவரும் வரைந்தார். போர் முடிகிறவரை ஆலைமேல் ஒரு குண்டுகூட விழவில்லை. எதிரி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டேன் என்பது இவர் கட்சி. குண்டு போடுகிறவனுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை என்பது என் கட்சி.

நான் அந்த ஆலையில் மாவு பிசையும் பக்கம் வேலை பார்த்தேன். ஒரு நாள், காற்றுக்காகக் கூரையில் விட்டிருந்த திறப்பு வழியாகப் பச்சை பெயின்ட் சொட்டுச் சொட்டாக என் மாவில் விழுந்தது. கோபம் தலைக்கேறி, கையில் ஒட்டிய மாவோடு ஏணியில் ஏறிப் போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, குளத்துல நிக்கிறீங்க" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, கல்யாணமும் ஆகி, இன்னும் முடிந்தபாடில்லை.

எங்களுக்கு ஒரே மகள். போர் முடிந்த பிறகு பிறந்தவள். ஓவியர் என்று பெயர்தானே தவிர, ஆணி அடித்துச் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்றும் வரைய மாட்டாள். போரைப் பார்த்த நான் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பார்க்காத அவள் அதைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று தோண்டிக்கொண்டே இருப்பாள்.

போன முறை ஒரு இருட்டறையில் எல்லோரையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். கதவைச் சாத்தினார்கள். தூரத்தில் ஒரு இரைச்சல். மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே நாற்காலிக்கு அடியில் போய்விட்டேன். விளக்கைப் போட்டதும் பார்த்தால் மேசைமேல் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் என்னைத் தூக்கிவிட்டு, "தையல் மெஷின்தானே ஆன்ட்டி, எனக்கு முதல்லயே தெரிஞ்சுதே" என்றாள். அன்றைக்கு மகளோடு பேசவில்லை. மறுநாள் அவளே வந்து, "காது எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா, கேக்கறதுதான் வேற வேற" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். கோபம் போய்விட்டது, வெட்கம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

இந்த முறை அவள் எடுத்துக்கொண்டது அப்பாவின் மொட்டை மாடி. போர் முடிந்த கையோடு ஒழுகுகிறது என்று அதன்மேல் தார் பூசிவிட்டார்கள். ஒரு போட்டோகூடக் கிடையாது. பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைக் கண்காட்சிக் கூடமாக மாற்றியிருந்தார்கள். அதன் தரை முழுக்கத் தோட்டத்தைத் திரும்ப வரைவது, மேலே சுற்றி ஓடும் இரும்புப் பால்கனியில் நின்று ஜனங்கள் கீழே பார்ப்பது, இதுதான் திட்டம். விமானத்தில் வந்தவன் பார்த்த மாதிரியே நாமும் பார்க்கலாம் என்றாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததும் சாப்பாட்டு மேசையில் சார்ட் பேப்பரை விரித்துவிடுவார். மகள் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். எனக்குத் தட்டு வைக்க இடமில்லை.

"இது என் பச்சை இல்ல. இது ஏதோ ஆஸ்பத்திரிப் பச்சை. என் பச்சை, பஸ் பச்சை."

"சரிப்பா, மாத்தறேன். குளம் இங்கதானே?"

"குளம் அங்க. குளத்துல ரெண்டு வாத்து போடு."

"அப்ப வாத்து வரைஞ்சீங்களா?"

"வெள்ளை பெயின்ட் தீந்துபோச்சு. மனசுல இருந்துச்சு."

"மனசுல இருந்ததை எல்லாம் போட முடியாதுப்பா. மேல போனவன் என்ன பார்த்தானோ அதுதான் வேணும்."

"மரத்துக்கெல்லாம் நிழல் போட்டேன், அதை விட்டுடாதே. நிழல் இல்லாத மரம் மேலேந்து பார்த்தா கம்பளத்துப் பூ மாதிரிதான் தெரியும். நிழல்லதான் ஏமாந்தானுங்க." இதைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் வெங்காயத்தைக் கொஞ்சம் ஓங்கி வெட்டுவேன்.

தரை வேலை முடிந்ததும் மகள் அவரைக் கூடத்துக்குள் விடவில்லை. "திறக்கிற அன்னைக்கு மேல நின்னு ஒரே தடவையா பாருங்கப்பா. நீங்க அதை ஒரு நாளும் மேலேந்து பார்த்ததே இல்லையே" என்றாள். சதா வளவளக்கிற மனுஷன் சார்ட் பேப்பரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. குனிந்து குனிந்து வரைந்தாரே தவிர, அந்தத் தோட்டம் முழுசாக எப்படி இருந்தது என்று அவருக்கே தெரியாது. கொல்ல வந்தவர்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம் மகள் என்னை மட்டும் கூடத்துக்கு வரச் சொன்னாள். பால்கனியில் ஏறி நின்று கீழே பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அசந்துவிட்டேன். பஸ் பச்சையில் மரங்கள், மஞ்சள் நடைபாதை, ஓரத்தில் ஒரு பெஞ்ச். ஆலைப் புகைபோக்கி நின்ற இடத்தில் தகரத்தில் ஒரு குழாயை நிமிர்த்தி வைத்திருந்தாள். கூரையில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தண்டவாளம், அதில் பெரிய விளக்கு ஒன்று மெதுவாக நகரும். அதுதான் சூரியனாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம் எப்படி மாறியதோ அதையும் காட்ட வேண்டுமாம்.

"இப்ப பாரும்மா" என்று பொத்தானை அமுக்கினாள்.

விளக்கு கிழக்கு மூலையில் இருந்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. தகரக் குழாயின் நிழல் மேற்கே விழுந்தது, வரைந்த மரங்களின் நிழலும் மேற்கே. எனக்கே அது நிஜத் தோட்டம்தான் என்று தோன்றியது. விளக்கு நடுவானத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. குழாயின் நிழல் கிழக்கே திரும்பி நீண்டது. மரங்களின் நிழல்? அது பெயின்ட் ஆயிற்றே, மேற்கேயே கிடந்தது. ஒரே தோட்டத்தில் புகைபோக்கி ஒரு பக்கம் நிழல் காட்டுகிறது, மரமெல்லாம் எதிர்ப் பக்கம் காட்டுகிறது. சின்னப் பிள்ளைக்குக்கூடச் சிரிப்பு வரும்.

"விமானம் எப்பம்மா வரும்?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"சாயங்காலம். தினமும் சாயங்காலம்தான்."

"அப்பா எப்ப வரைஞ்சார்?"

காலையில்தான். சாயங்காலம் மாடியில் நின்றால் உயிர் போய்விடும் அல்லவா? காலை வெயிலில் புகைபோக்கியின் நிழல் எந்தப் பக்கம் விழுந்ததோ, அதைப் பார்த்து அதே பக்கம் மரத்துக்கெல்லாம் போட்டிருக்கிறார். எல்லாக் காலையும் அப்படியே. அவ்வளவு உழைத்து, வருகிறவன் பார்க்கிற வேளையை மட்டும் மறந்துவிட்டார்.

"யாரும் ஏமாந்திருக்க முடியாதும்மா" என்றாள் மகள்.

இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஆதாரமே கிடைத்துவிட்டது. குதித்திருக்க வேண்டும். குதிக்கத் தோன்றவில்லை. அவரோடு பட்டறையில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த விமானங்களால் போனவர்கள். பட்டறையே போயிற்று. அத்தனையும் போன பிறகு, 'நான் ஒண்ணைக் காப்பாத்தினேன்' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் எழுந்து நின்றார், சிரித்தார், கல்யாணம் செய்துகொண்டார். அதை நான் கிண்டல் செய்யலாம், அது என் உரிமை. அது உடைவதைப் பார்க்க என்னால் முடியாது.

"விளக்கை நடுவுலயே நிறுத்திடு. சாயங்காலம் வேண்டாம்."

"அப்படிப் பண்ணா இது பொய்யாயிடும்மா."

"ஆகட்டுமே! உன் தையல் மெஷின் மட்டும் நிஜ விமானமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு இன்னொரு குண்டைப் போட்டாள். "இன்னொண்ணும் இருக்கு. பார்த்தவங்க இல்லாம படம் ஏது? அதனால அந்தப் பக்கத்து விமானிகள் சங்கத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒருத்தர் பதில் போட்டிருக்கார். 'அந்தத் தோட்டமா, நல்லா ஞாபகம் இருக்கு, நேர்ல வந்து சொல்றேன்'னு. அப்பாவுக்குத் தெரியாது."

அவளைத் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "விளக்கு பொத்தான் பால்கனி ஓரத்துல இருக்கும். அன்னைக்கு நீயே அங்க நில்லு. நிறுத்தணும்னு தோணுச்சுன்னா நிறுத்திக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். தன் வேலையை யாரும் விரலால் தொடக்கூட விடாத பெண், அதை என் கையில் கொடுத்தாள்.

விழா அன்று என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு. கூடத்து வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடமே கதையை ஆரம்பித்துவிட்டார். நான் நேராக டீ வைத்திருந்த மேசைப் பக்கம் போனேன். அங்கே உயரமாக, காதில் மெஷின் மாட்டிக்கொண்டு, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்த ஒருவர் புதிதாகத் தெரிந்தார். பேச்சைக் கேட்டதும் உறுதியாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கமும் நம் பேச்சுதான், ஆனால் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார்கள். இந்த மனுஷனுக்குப் பயந்து எத்தனை சாயங்காலம் மாவு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்திருக்கிறேன். நேரில் பார்த்தால் மீசையில் பிஸ்கட் தூள்.

"ஐயா, நான் அந்தப் பெயின்டரோட சம்சாரம். உங்ககிட்ட ஒரு உதவி."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "சொல்லுங்கம்மா."

"உங்களைக் கேப்பாங்க. ஏமாந்துபோனேன், நிஜத் தோட்டம்னே நினைச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்கு அதுல ஒரு நஷ்டமும் இல்ல."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "போர்ல நிறையப் பொய் சொல்லியாச்சும்மா. வீட்டுக்கு, எங்க அம்மாவுக்கு, எனக்கே. இதுல மட்டும் என்னால முடியாது. இதைச் சொல்லத்தான் ரெண்டு ரயில் மாறி வந்திருக்கேன்."

"அவர் மனசு உடைஞ்சிடும்."

"உடையுமான்னு பார்ப்போம்" என்றார். ஒரு காலத்து எதிரி, இப்போதும் எதிரிதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பால்கனிக்கு ஏறினேன்.

விளக்கு கிழக்கில் இருந்தது. ஜனங்கள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகள் அப்பாவைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் குனிந்து கீழே பார்த்தார். நான் கீழே பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். 'மண்ணைத் தூவினேன்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கேன் போல" என்றார், யாரோ வரைந்ததைச் சொல்கிற மாதிரி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. விளக்கு உச்சிக்கு வந்ததும் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டேன். மகள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது அவர்தான். "ஏன் நின்னுபோச்சு?"

"மெஷின் சூடாயிடுச்சுங்க" என்றேன்.

"அதெப்படி? அவனுங்க சாயங்காலம்தானே வந்தானுங்க! சாயங்காலம் எப்படி இருக்கும்னு பார்க்க வேண்டாமா? ஓட விடு!" கூட்டமும் சேர்ந்துகொண்டது. கம்பியைத் தட்டி, "ஓட விடுங்க, ஓட விடுங்க" என்றார்கள். என் கையை யாரோ பிடித்திழுத்த மாதிரி இருந்தது. அமுக்கினேன்.

விளக்கு மேற்கே இறங்கியது. குழாயின் நிழல் திரும்பியது. "மரத்துக்கு மட்டும் ஏன் நிழல் அந்தப் பக்கம்?" என்று முதலில் ஒரு குழந்தை கேட்டது, பிறகு ஒரு முணுமுணுப்பு. இவருக்கு முதலில் புரியவில்லை. கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பிறகு புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போது பார்த்து அந்த விமானி, கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அதேதான்! அச்சு அசல் அதேதான்!" கம்பியைப் பிடித்தபடி எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார். "ஐயா, உங்க தோட்டத்துமேல தினமும் பறந்தவன் நான். முதல் நாளே கண்டுபிடிச்சிட்டோம். 'அங்க பாருடா, ரெண்டு சூரியன்'னு ரேடியோவுல ஒரே சிரிப்பு. அதுக்குப் பேரே ரெண்டு சூரியன் தோட்டம்."

என் வீட்டுக்காரர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"கேளுங்க, இன்னும் முடியல. உங்க ஊரைச் சுத்தி எல்லாம் ஒரே சமவெளி. மேலேந்து பார்த்தா எல்லாக் கூரையும் ஒண்ணு. திரும்பிப் போகும்போது வழி தவறி, எண்ணெய் தீந்து விழுந்தவங்க உண்டு. உங்க தோட்டம் வந்ததும் அதுதான் எங்களுக்கு அடையாளம். அது தெரிஞ்சா வடக்கே திரும்பணும், வீடு வந்துடும். கீழே ரொட்டி ஆலைன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். மிச்சமிருக்கிற குண்டை அதுமேல போட்டுடலாமான்னு ஒருத்தன் கேட்டான். அத்தனை பேரும் அவனைக் கடிச்சுக் குதறிட்டோம். அதை உடைச்சுட்டா நாளைக்கு நாம எப்படிடா வீட்டுக்குப் போறதுன்னு." அவர் குரல் இறங்கியது. "வரும்போது செஞ்சது வேற. அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு வாய் இல்ல."

மகள் அப்பாவிடம் வந்தாள். அவள் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. "அப்பா, வேணும்னா நிழலை மாத்தி வரைஞ்சிடறேன். ராத்திரிக்குள்ள முடிச்சிடலாம்."

அவர் சடாரென்று திரும்பினார். "தொட்டுப் பாரு, பிரஷ்ஷை உடைச்சிடுவேன்! அந்த நிழல்தாண்டி உங்கம்மாவை உயிரோட வச்சுது."

எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் விமானியை மேலும் கீழும் பார்த்தார். "பெஞ்ச் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"குளம்?"

"அது குளமா? நாங்க ஏதோ லாரி எரிஞ்ச இடம்னு நினைச்சோம்."

"நீலம் கிடைக்கல. கறுப்புல கொஞ்சம் பச்சையைக் கலந்தேன்" என்று இவர் ஆரம்பித்துவிட்டார். விமானியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மரமாகக் காட்டி, இது எப்படி இருந்தது, அது எப்படி இருந்தது என்று ஒரே விசாரணை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் படத்தைப் பார்த்த ஒரு ஆள் கிடைத்திருக்கிறார், விடுவாரா? ஜனங்கள் கலைந்து, டீ தீர்ந்து, காவலாளி சாவியை ஆட்டிக் காட்டியும் விடவில்லை.

கடைசியில் படியிறங்கும்போது விமானி கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஐயா. அந்த நிழலை நீங்க தெரியாமத்தானே தப்பாப் போட்டீங்க?"

என் வீட்டுக்காரர் நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். "தெரியாமலா? நான் யாரு? வேணும்னேதான் போட்டேன். தப்பா இருந்தாத்தான் உங்க மனசுல நிக்கும்னு கணக்குப் போட்டுத்தான் போட்டேன்."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். மகளும் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவர் அளந்துவிட்ட அத்தனைக்கும் 'பொய்' என்று முத்திரை குத்தியவள் நான். இது அவர் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய பொய், அதுவும் எனக்கு உண்மை தெரியும் என்று தெரிந்தே சொன்னது.

"ஆமாங்க" என்றேன் விமானியிடம். "வேணும்னேதான் போட்டார். நான் குளத்துல நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன்."

ரெண்டு சூரியன் என்று சொன்னபோதுகூடக் கம்பியைப் பிடித்துச் சமாளித்த மனுஷன், நான் சொன்னதைக் கேட்டுக் கடைசிப் படியில் கால் தவறினார். எதிரி விமானிதான் தாங்கிப் பிடித்தார்.